பேச்சிக்குப் பேச வராது

ராஜா இல்லாத ஊர் உண்டு. பல்லி இல்லாத ஊர் கிடையாது. இந்தக் கதை நடந்த ஊரில் இரண்டும் இருந்தன. இரண்டில் எது ஆண்டது என்று கேட்டால் அதைத்தான் சொல்லப் போகிறேன். கொட்டாவி விடுகிறவர்கள் இப்போதே விட்டு முடித்துக்கொள்ளுங்கள். நடுவில் விட்டால் எனக்குக் கதை தடம் மாறிப் போகும்.

ஊருக்கு நாவல்கோட்டை என்று பெயர். ராஜாவுக்கு எண்திசை வென்ற விக்கிரமசூடர் என்று பெயர். எட்டுத் திசையில் எந்தத் திசைக்கும் அவர் போனதில்லை. பெயர் தாத்தாவுடையது, சிம்மாசனத்தோடு சேர்ந்து வந்தது. மற்றபடி நல்ல மனுஷர். யாரையும் வைய மாட்டார். சாப்பாட்டில் குறை சொல்ல மாட்டார்.

சின்ன வயதிலேயே பட்டத்துக்கு வந்தவர். வந்த அன்றைக்கே ஒரு வழக்கு வந்து நின்றது. ஒரு பசுவுக்கு இரண்டு பேர் சண்டை. ராஜா இவனைப் பார்த்தார். அவனைப் பார்த்தார். பசுவைப் பார்த்தார். பசுவும் ஒன்றும் சொல்லவில்லை. "எனக்குத் தீர்ப்புச் சொல்லத் தெரியாதே" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டார்.

கொலுமண்டபத்து உத்தரத்தில் இருந்த பல்லி, "ச்சு, ச்சு, ச்சு" என்றது.

சபையில் இருந்த அத்தனை பேரும் விரலை மடக்கித் தரையில் மூன்று தட்டுத் தட்டினார்கள். உங்களுக்குத்தான் தெரியுமே. ஒருவர் ஒன்றைச் சொல்லி வாய் மூடுகிற நேரம் பார்த்துப் பல்லி சொன்னால், அவர் சொன்னது சத்தியம் என்று அர்த்தம். கேட்டவர்கள் தட்ட வேண்டும். அது வழக்கம்.

பல்லிக்கு என்ன தெரியும் என்று பின்னாலிருந்து யாரோ கேட்கிறீர்கள். பல்லிக்குப் பூச்சி தெரியும். ஆனால் இதை அன்றைக்கு அங்கே யாரும் கேட்கவில்லை.

மந்திரி கெட்டவர் இல்லை, கணக்காக யோசிக்கிறவர். ராஜாவுக்குத் தீர்ப்புத் தெரியாது என்பது பல்லிக்குத் தெரிந்திருக்கிறது என்றால், தீர்ப்பு இன்னது என்பதும் அதற்குத் தெரியாமலா இருக்கும் என்று யோசித்தார். அன்றையிலிருந்து நாவல்கோட்டையில் பல்லிதான் நியாயம் சொல்லியது. வழக்கு வந்தால் மந்திரி ஒவ்வொரு பெயராகப் படிப்பார். எந்தப் பெயரில் பல்லி சொல்கிறதோ அவன் குற்றவாளி. முதல் சுற்றில் சொல்லாவிட்டால் இரண்டாம் சுற்று. அதிலும் சொல்லாவிட்டால் மூன்றாம் சுற்று. மூன்றாம் சுற்றுக்குள் எப்படியும் சொல்லிவிடும், அதற்கும் வேறு வேலை இல்லை. வழக்கெல்லாம் மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால் முடிந்தது. பல்லி ஓடிப்போய்விடக் கூடாதே என்று உத்தரத்துக்குக் கீழே பகலிலும் ஒரு விளக்கு எரிய விட்டார்கள், பூச்சி வருவதற்கு. செலவு அவ்வளவுதான்.

ராஜா சிம்மாசனத்தில் உட்கார்ந்து விளக்கைப் பார்த்துக்கொண்டிருப்பார். தலையில் நரை விழுந்த பிறகும் அப்படித்தான்.

அது இருக்கட்டும். இனி பேச்சியைப் பார்ப்போம்.

பேச்சி என்பது அவள் பெயர். பேச வராது என்பது அவள் நினைப்பு. பெயர் வைத்தது அப்பன், அவனைக் குற்றம் சொல்ல முடியாது. பேச்சி சிறுமியாக இருந்தபோது ஊரில் மழைச் சடங்கு நடந்தது. ஒரு பெண்பிள்ளை ஊர் கூடின இடத்தில் நின்று, "மழை பொழிக" என்று மூன்று தடவை சொல்ல வேண்டும். பேச்சியை நிறுத்தினார்கள். அத்தனை முகத்தையும் பார்த்ததும் அவளுக்கு நாக்குக் குழறிவிட்டது. "மழை ஒழிக" என்றாள். மூன்று தடவையும் அப்படியே சொன்னாள்.

அந்த வருஷம் மழை பெய்யவில்லை. அதற்கு முந்தின வருஷமும் பெய்யவில்லை, அதை யாரும் சேர்த்துக்கொள்ளவில்லை.

பேச்சி வீட்டுக்கு வந்து அழுதாள். "எனக்கு நாலு பேர் முன்னாடி பேச வராதும்மா" என்றாள். சுவரில் இருந்த பல்லி, "ச்சு, ச்சு, ச்சு" என்றது. அம்மா தரையில் தட்டினாள். அத்தோடு முடிந்தது அவள் பேச்சு.

அதாவது நாலு பேர் முன்னால். வீட்டுக்குள்ளே பேசுவாள். அடுப்போடு பேசுவாள், ஆட்டோடு பேசுவாள், கொடியில் காய்கிற சேலையோடு பேசுவாள். என்ன பேசுவாள் என்றால், தனக்கு ஏன் பேச வராது என்பதை விளக்கிப் பேசுவாள். முதல் காரணம் இன்னது, இரண்டாவது இன்னது, மூன்றாவது இன்னது என்று வரிசையாகச் சொல்லுவாள். ஆடு கேட்டுக்கொண்டே நிற்கும். நடுநடுவே பல்லியும் "ச்சு" என்று சொல்லும். அவளும் தட்டிக்கொள்வாள்.

அவளைக் கட்டியவன் கொம்பையா. கூரை வேய்கிறவன். அதிகம் பேசாதவன். பிள்ளை குட்டி இல்லை, அவளுக்கு அவன், அவனுக்கு அவள். அவன் வேய்ந்த கூரை மூன்று மழைக்காலம் ஒழுகாது என்று ஊரில் பெயர். அந்தப் பெயரால்தான் அரண்மனையிலிருந்து ஆள் வந்தது. பட்டத்து யானையின் கொட்டடிக்குப் புதுக் கூரை போட வேண்டும் என்றார்கள். கொம்பையா போனான். காலையிலிருந்து சாயங்காலம் வரை மேலேயே இருந்தான். ரம்பம் போன்ற பனைமட்டைக் கருக்குக் கிழித்த கையோடு வீடு வந்து கஞ்சி குடித்துப் படுத்தான்.

மறுநாள் பட்டத்து யானையின் கழுத்தில் மணியைக் காணோம்.

சும்மா மணி இல்லை. வெண்கலம். உள்ளே ஒரு படி அரிசி கொட்டலாம். யானை நடந்தால் ஆற்றுக்கு அந்தக் கரையில் இருப்பவன் வழிவிட்டு நிற்பான். ராஜாவின் தாத்தா, நிஜமாகவே எண்திசை வென்றவர், எங்கேயோ வென்று கொண்டுவந்தது.

மந்திரி பெயர்களைப் படித்தார். கொட்டடிக் காவலன் பெயர், பல்லி பேசவில்லை. பாகன் பெயர், பேசவில்லை. புல்லுக்கட்டுக் கொண்டுவந்தவன் பெயர், பேசவில்லை. "கூரை வேய வந்த கொம்பையா" என்று படித்தார். ஒரு விட்டில் பூச்சி விளக்கைச் சுற்றி வந்தது. "ச்சு, ச்சு, ச்சு."

எல்லாரும் தட்டினார்கள். கொம்பையாவைப் பிடித்துக் காவல் அறையில் போட்டார்கள். மணியை எங்கே வைத்தாய் என்று கேட்டார்கள். எடுக்கவில்லை என்றான். எடுத்தவன் எடுக்கவில்லை என்றுதான் சொல்லுவான் என்றார்கள். வருகிற பௌர்ணமிக்கு அவன் வலது கையை வெட்டுவது என்று முடிவானது. கூரை வேய இரண்டு கை வேண்டும். ஒரு கை ஓலையைப் பிடிக்கும், ஒரு கை கட்டும். ஒற்றைக் கைக்காரனை யாரும் கூரைமேல் ஏற்ற மாட்டார்கள்.

அந்த நாட்டில் ஒரு நல்ல வழக்கமும் இருந்தது. தண்டனை கொடுப்பதற்கு முன்னால் குற்றவாளியின் வீட்டார் ஒருவர் சபையில் வந்து ஒரு தடவை பேசலாம். வீட்டார் என்றால் ஒரே உலையில் சோறு தின்கிறவர். கொம்பையாவுக்கு அப்படி இருந்தது ஒரே ஆள். அவளுக்குத்தான் பேச வராதே.

சேதி தெரிந்ததும் பேச்சி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு புறப்பட்டாள். அரண்மனைக்கு இல்லை. தனக்குப் பதில் பேச ஆள் தேடி.

முதலில் கொம்பையாவின் அண்ணன் சங்கிலியிடம் போனாள். "அத்தான், நீங்க போய்ப் பேசுங்க. எனக்குப் பேச வராது" என்றாள்.

சங்கிலிக்குத் தம்பி மேல் பாசம் உண்டு. ஆனால் உலை தனியாகிவிட்டதே, தன்னைச் சபைக்குள் விட மாட்டார்கள் என்றான்.

"உலை எப்படி அத்தான் தனியாகும்? நீங்க பிரிஞ்சு வரும்போது அத்தை அடுப்புலருந்து நெருப்பு எடுத்துட்டு வந்துதானே உங்க அடுப்பப் பத்த வச்சீங்க? எங்க அடுப்பும் அந்த நெருப்புலதான் பத்துச்சு. நெருப்பு ஒண்ணு. உப்பு நம்ம ரெண்டு வீட்டுக்கும் ஒரே வண்டிக்காரன்கிட்ட. உங்க வீட்டுல குழம்பு மிஞ்சுனா எங்க வீட்டுக்கு வருது, எங்க வீட்டுல மிஞ்சுனா உங்க வீட்டுக்கு வருது. அப்போ உலை எங்க தனியாச்சு? சுவருதான் தனி" என்றாள் பேச்சி.

சங்கிலி வாயைப் பிளந்துகொண்டு கேட்டான். "இதையே சபையில சொல்லேன் தாயி, என்னைய உள்ள விட்டுருவாங்க" என்றான்.

"சபையில எனக்குப் பேச வராது அத்தான்" என்றாள். வந்த வழியே திரும்பினாள்.

அடுத்து அரண்மனை வாசலுக்குப் போனாள். அங்கே ஒரு வாசல் அதிகாரி இருந்தார். சபைக்குள் யார் போகலாம், யார் போகக் கூடாது என்று அவர்தான் சொல்லுவார். வாய் பேசாத ஊமைக்கு மட்டும் பதில் ஆள் பேசலாம் என்று சட்டத்தில் இடம் இருந்தது. பேச்சி அதைப் பிடித்துக்கொண்டாள். "ஐயா, என்னை ஊமைன்னு வச்சுக்கோங்க" என்றாள்.

அதிகாரி அவளை மேலும் கீழும் பார்த்தார். "பேசுகிறாயே" என்றார்.

"உங்ககிட்டப் பேசுறேன். நீங்க ஒரு ஆளு. சபையில நூறு ஆளு. ஒரு ஆளுகிட்டப் பேச முடியாதவன் ஊமைன்னா, நூறு ஆளுகிட்டப் பேச முடியாதவ நூறு மடங்கு ஊமை. அவனுக்கே பதில் ஆளு உண்டுன்னா எனக்கு இல்லையா? ஒத்தைக் கண்ணு தெரியாதவனுக்குக் கோலைக் குடுத்துட்டு, ரெண்டு கண்ணும் தெரியாதவன நீ நடந்து வான்னு சொல்லுவீங்களா?"

அதிகாரி தலையைச் சொறிந்தார். இன்னொரு ஆளைக் கூட்டிக்கொண்டு வந்தார், அவரும் தலையைச் சொறிந்தார். பேச்சி இருவருக்கும் சேர்த்து மறுபடி முதலிலிருந்து சொன்னாள். நிழல் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போனது.

கடைசியில் அதிகாரி சொன்னார். "அம்மா, நீ சொல்லுவதில் ஒரு தப்பும் இல்லை. ஆனால் இவ்வளவு நேரம் பேசின ஊமையை நான் உள்ளே அனுப்பினால் என் வேலை போய்விடும்."

பேச்சிக்கு அழுகை வந்தது. சரியாகச் சொல்லத் தெரியாததால்தான் காரியம் கெட்டுப்போனது என்று தன்னைத் தானே திட்டிக்கொண்டாள்.

பௌர்ணமிக்கு முந்தின நாள் காவல் அறைக்குப் போனாள். கொம்பையா மெலிந்திருந்தான். அவன் கையைப் பார்த்தாள். கருக்குக் கிழித்த காயம் ஆறி வந்திருந்தது. நாளைக்கு வெட்டப் போகிற கையில் காயம் ஆறி என்ன, ஆறாவிட்டால் என்ன.

"ஆள் கிடைக்கலைங்க. எனக்கோ பேச வராது" என்றாள்.

"பேசாட்டிப் பரவாயில்ல" என்றான் கொம்பையா. "வந்து நில்லு. கை போற நேரத்துல நீ பக்கத்துல இருந்தாப் போதும்."

பேச்சி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். கொம்பையா தயங்கித் தயங்கிச் சொன்னான். "பேச்சி, எனக்கே இப்போ ஒரு சந்தேகம். நான் அந்த மணிய எடுத்திருப்பேனோ?"

அவள் அழுகை நின்றது. "என்ன சொல்லுதீங்க?"

"பல்லியே சொல்லிருச்சே. அத்தனை பேரும் தட்டுனாங்க. ஒருவேளை எடுத்துட்டு மறந்துட்டேனோ என்னவோ. ராத்திரியெல்லாம் யோசிச்சுப் பாக்கேன். எங்க வச்சேன்னுதான் ஞாபகம் வர மாட்டேங்குது."

பேச்சி அவனைப் பார்த்தாள். அடுத்தவன் தோட்டத்தில் விழுந்து கிடக்கிற மாங்காயை எடுத்துத் தோட்டக்காரன் வீட்டு வாசலில் வைத்துவிட்டு வருகிறவன். அவனுக்கே அவன் மேல் நம்பிக்கை போய்விட்டது. கை நாளைக்குத்தான் போகும், இது இன்றைக்கே போய்விட்டது. அவளுக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. யார் மேல் கோபப்படுவது என்று தெரியாமல் ஆட்டைத் திட்டிக்கொண்டே வீட்டுக்குப் போனாள். ஆடு அங்கே இல்லை, வீட்டில் இருந்தது.

பௌர்ணமி அன்று காலையில் சபை கூடியது. நடுவே மரக்கட்டை ஒன்றைப் போட்டிருந்தார்கள். அதன் பக்கத்தில் வெட்டுகிறவன் கத்தியோடு நின்றான். கொம்பையாவை அதன் முன்னால் நிறுத்தினார்கள். ராஜா விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"குற்றவாளியின் வீட்டார் பேசலாம்" என்றார் மந்திரி.

பேச்சி வந்து நின்றாள். நூறு முகம். அன்றைக்கு மழைச் சடங்கில் பார்த்த மாதிரியே அத்தனையும் அவளையே பார்த்தன. நாக்கு மேலே ஒட்டிக்கொண்டது. யோசித்து வைத்திருந்தது எல்லாம் எங்கேயோ போய்விட்டது. அவளுக்குத் தெரிந்து மிச்சம் இருந்தது ஒரே ஒரு வாக்கியம், தினமும் சொல்லிச் சொல்லிப் பழகினது. அதைச் சொன்னாள்.

"மகாராசா, எனக்குப் பேச வராது."

உத்தரத்திலிருந்து, "ச்சு, ச்சு, ச்சு."

நூறு பேரும் தட்டினார்கள். பேச்சியும் பழக்கத்தில் விரலை மடக்கினாள்.

மந்திரி எழுந்தார். "பல்லியே சொல்லிவிட்டது, இந்தப் பெண்ணுக்குப் பேச வராது. ஆகவே பேச்சு முடிந்தது. வெட்டலாம்" என்றார். மத்தியானச் சாப்பாட்டுக்கு இன்னும் நேரம் இருந்தது, அவருக்குத் திருப்தி.

கொம்பையா மரக்கட்டை மேல் தானாகவே கையை வைத்தான். பல்லி சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நினைத்துவிட்டான்.

அதைப் பார்த்ததும் பேச்சிக்குப் பயம் போய்விட்டது. நேற்றிலிருந்து இடம் தெரியாமல் அலைந்த கோபத்துக்கு இடம் கிடைத்துவிட்டது.

"கையை எடுங்க" என்றாள் புருஷனிடம். அவன் எடுத்துவிட்டான். வீட்டுப் பழக்கம்.

பிறகு மந்திரி பக்கம் திரும்பினாள். "ஐயா மந்திரி, எனக்குப் பேச வருதா வரலையான்னு சொல்ல நான் இருக்கேன். அது யாரு? அதுக்கும் எனக்கும் என்ன ஒட்டு, என்ன உறவு? நான் பேசி அது என்னைக்குக் கேட்டுச்சு?"

"பல்லி சொன்னது..." என்று மந்திரி ஆரம்பித்தார்.

"நான் பேசி முடிக்கலை. வீட்டார் பேசலாம்னு நீங்கதானே சொன்னீங்க. வீட்டார் நிக்காங்க. மணி காணாமப் போன அன்னைக்கு இந்த மனுசன் அரண்மனை வாசல் வழியாத்தான் வெளிய வந்தாரு. கையில ஒரு அருவாள், தோள்ல ஒரு கயிறு. அந்த மணி யானை கழுத்துல ஆடினா ஆத்துக்கு அந்தப் பக்கம் கேக்கும். அதத் தூக்கிட்டு வாசக் காவல் முன்னாடி நடந்து வந்தா ஒருத்தருக்கும் கேக்காதா? ஏன் கேக்கலைன்னு யாராவது கேட்டீங்களா? கடைத்தெரு வழியா வந்தாரு. அங்க யார்கிட்டயாவது கேட்டீங்களா? எங்க வீட்டுல வந்து பாத்தீங்களா? வீடே ஒரு அறை, அதுல பாதி ஆடு. ஒரு படி கொள்ளுற மணிய அதுல ஒளிச்சு வைக்கிறவன் திருடன் இல்ல, மந்திரவாதி."

சபையில் யாரோ சிரித்து, பிறகு இருமல் போல மாற்றிக்கொண்டார்.

பேச்சி நிறுத்தவில்லை. அவள் கூரை வேய்வதைப் பற்றிச் சொன்னாள், கருக்குக் கிழித்த கையால் அவ்வளவு கனத்தைத் தூக்க முடியாது என்றாள். புருஷன் குணத்தைச் சொன்னாள், மாங்காய்க் கதையைச் சொன்னாள். பெயர் படித்த வரிசையைச் சொன்னாள். வெளிச்சத்துக்குப் பூச்சி வரும், பூச்சிக்குப் பல்லி வரும், பல்லி வந்தால் சத்தம் போடும், அந்த நேரம் யார் பெயரைப் படித்தாலும் அவன் திருடன், மந்திரி ஐயா தன் பெயரைப் படித்திருந்தால் இப்போது மரக்கட்டை முன்னால் நிற்பது யார் என்று கேட்டாள். மந்திரி உட்கார்ந்துவிட்டார். வெட்டுகிறவன் கத்தியைச் சுவரில் சாய்த்துவைத்துவிட்டுக் கேட்டான். நடுவில் பல்லி இரண்டு தடவை ஏதோ சொன்னது, தட்டுவதற்கு யாருக்கும் நேரம் இல்லை. சாப்பாட்டு நேரம் வந்தது, போனது.

எல்லாம் சொல்லி முடித்துவிட்டு மூச்சு வாங்கினாள்.

"மகாராசா, கடைசியா ஒண்ணு கேட்டுக்கிடுதேன். நான் வந்து நின்னதும் எனக்குப் பேச வராதுன்னு பல்லி சொல்லிச்சு. இந்நேரம் வரைக்கும் நான் என்ன செஞ்சிட்டு இருந்தேன்?"

ராஜா முதல் தடவையாக விளக்கிலிருந்து கண்ணை எடுத்தார். "பேசிக்கொண்டிருந்தாய்" என்றார்.

"அப்போ பல்லி?"

ராஜா உத்தரத்தைப் பார்த்தார். நூறு பேரும் உத்தரத்தைப் பார்த்தார்கள். பல்லி ஒரு விட்டிலைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"பல்லி ஒரு தடவை தவறியிருக்கலாம்" என்றார் மந்திரி.

"எந்தத் தடவைன்னு அதுகிட்டக் கேட்டுச் சொல்லுங்க ஐயா" என்றாள் பேச்சி.

எல்லாரும் ராஜாவைப் பார்த்தார்கள். பட்டத்துக்கு வந்த நாளிலிருந்து அவரை இப்படி யாரும் பார்த்ததில்லை, எல்லாரும் அவருக்கு மேலேதான் பார்ப்பார்கள். அவருக்கும் மிச்சம் இருந்தது ஒரே ஒரு வாக்கியம். "எனக்குத் தீர்ப்புச் சொல்லத் தெரியாதே" என்றார்.

"ச்சு, ச்சு, ச்சு."

யாரும் தட்டவில்லை. தட்டலாமா வேண்டாமா என்று ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

பேச்சிக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. கிழவர் எத்தனை வருஷமாக இப்படி உட்கார்ந்திருக்கிறாரோ. "மகாராசா," என்றாள் மெதுவாக, "என்கிட்டயும் அப்படித்தான் சொல்லிச்சு."

ராஜா தொண்டையைச் செருமிக்கொண்டார். குரல் ஒருமாதிரியாக வந்தது. பாவம், பழக்கம் இல்லை.

"மணியைக் கடைசியாகப் பார்த்தது யார்?" என்று கேட்டார்.

சாதாரணக் கேள்விதான். உங்களில் யார் வேண்டுமானாலும் கேட்டிருப்பீர்கள். ஆனால் நாவல்கோட்டைச் சபையில் அதுவரை சிம்மாசனத்துப் பக்கத்திலிருந்து ஒருவரும் ஒரு கேள்வியும் கேட்டதில்லை, பெயர் மட்டும்தான் படித்தார்கள்.

தூண் பக்கத்தில் நின்ற யானைப் பாகன் சாத்தப்பன் அப்படியே தரையில் விழுந்தான். யாரும் அவன் பெயரைச் சொல்லக்கூட இல்லை. கூரை வேய்ந்த அன்று சாயங்காலம் யானையை ஆற்றில் குளிப்பாட்டும்போது, மணி கட்டியிருந்த கயிறு இற்று அறுந்துவிட்டது, மணி மடுவில் விழுந்துவிட்டது, இதுதான் நடந்தது என்று அழுதான்.

"ஏன் சொல்லவில்லை?" என்று கேட்டார் ராஜா. இரண்டாவது கேள்வி. முதல் கேள்வியை விட நன்றாக வந்தது.

"நான் சொன்னா யாரு நம்பப் போறாங்கன்னு கொட்டடியில நின்னு எனக்கு நானே சொன்னேன் மகாராசா. அங்க இருந்த பல்லியும் சொல்லிருச்சு. அதான்" என்றான் சாத்தப்பன்.

அவன் சொன்னதைக் கேட்டுவிட்டு ராஜா எழுந்து நின்றார். அந்தச் சபையில் அவர் எழுந்து நின்றது அதுதான் முதல் தடவை. அவர் அவ்வளவு உயரம் என்று மந்திரிக்கே தெரியாது.

"கொம்பையா குற்றமற்றவன். அவன் கையைத் தொடக் கூடாது" என்றார். "பாகன் மடுவில் முங்கி மணியை எடுக்க வேண்டும். எடுக்கிற வரைக்கும் கரையில் கொம்பையாவுக்கும் பேச்சிக்கும் சோறு போட வேண்டும். இது என் தீர்ப்பு."

சொல்லிவிட்டு அவர் அசையாமல் நின்றார். உத்தரத்திலிருந்து சத்தம் வருகிறதா என்று சபையில் எல்லாரும் காதைத் தீட்டிக்கொண்டு இருந்தார்கள். ஒரு சத்தமும் வரவில்லை. விட்டில் கிடைத்துவிட்டது, பல்லி தின்றுகொண்டிருந்தது.

ராஜா கொஞ்ச நேரம் காத்திருந்து பார்த்தார். பிறகு, "அது சொன்னாலும் சொல்லாவிட்டாலும் இதுதான் தீர்ப்பு" என்று சேர்த்துக்கொண்டார். சேர்த்தது நல்லது.

கொம்பையா இன்னும் மரக்கட்டை முன்னால்தான் நின்றான். பேச்சி போய் அவன் வலது கையைப் பிடித்தாள். "மணிய நீங்க எடுக்கலை" என்றாள், பிள்ளைக்குச் சொல்லுகிற மாதிரி.

"எடுக்கலை" என்றான் அவன். கொஞ்சம் யோசித்தான். "எனக்குத் தெரியும்" என்றான். அப்புறம்தான் அவனுக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. கையைப் பிடித்தபடியே இரண்டு பேரும் நூறு பேர் நடுவே நடந்து வெளியே போனார்கள்.

கதை அவ்வளவுதான், எழுந்திருங்கள், எழுந்திருக்கும்போது கேட்டுக்கொண்டே போங்கள்: என்னால் முடியாது என்று நீயே சொல்லி, அதற்குச் சுவரும் ஊரும் ஆமாம் போட்டாலும் அது உண்மையாகிவிடாது, முடியுமா முடியாதா என்பது நீ இறங்கிச் செய்து பார்த்தால்தான் தெரியும்.